கே என்றால் கம்மி

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்தவன் காற்றில் எதைப் பேசலாம் என்பதை விதி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. கருவிகளைச் சோதிப்பது பற்றிப் பேசலாம். அதோடு, தந்தி ஆபீசுக்குப் போய்த் தந்தி கொடுக்கும் அளவுக்கு முக்கியத்துவம் இல்லாத சொந்த விஷயங்களையும் பேசலாம். பரீட்சைக்காக இந்த விதியை மனப்பாடம் செய்தபோது, இதை எழுதியவர் நல்ல தமாஷ் பேர்வழியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சில வருஷம் கழித்து என் அண்ணனுக்கு டைபாய்டு வந்தது. சட்டப்படி அது முக்கியத்துவம் இல்லாத சொந்த விஷயமாக இருந்தாக வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் ஏற்றுமதிக் குமாஸ்தா. தோல் எப்படிப் பதமாகிறது என்பது எனக்குத் தெரியாது. பதமான தோல் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏற என்னென்ன காகிதம் வேண்டும், எது எதற்கு முன்னால் போக வேண்டும், எதில் கையெழுத்து விட்டுப்போனால் சரக்கு கரையிலேயே கிடக்கும் என்பதெல்லாம் தெரியும். தொழிற்சாலையில் மற்ற எல்லோருக்கும் தோல் தெரியும். காகிதம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தப் பெருமைக்கு என்ன விலை என்று அப்போது தெரியாது.

ரேடியோ என் பொழுதுபோக்கு. சென்னை மூர் மார்க்கெட்டில் யுத்தத்தில் மிஞ்சிய வால்வுகளும் சுருள்களும் கிடைத்தன. அவற்றை வைத்து நானே ஒரு செட் கட்டினேன். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்வீட்டுத் தென்னைமரம் வரை கம்பி இழுத்து ஏரியல். எதிர்வீட்டு அம்மாள் அதில் துணி காயப்போடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அப்புறம் கம்பி எதுக்கு என்றார்.

மறுமுனையில் என் நண்பன். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன். தறியில் உட்காரச் சொன்னபோதெல்லாம் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருந்ததால் வீட்டில் அவனைக் கைகழுவிவிட்டார்கள். வேலூர் லாங் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான், குடியிருந்தது சத்துவாச்சாரியில். அன்றைக்கு அது சாலையோரம் வயலும் புளியமரமுமாக இருந்த ஊர். எவ்வளவு நீளக் கம்பி இழுத்தாலும் யாரும் துணியைப் பற்றிப் பேச மாட்டார்கள். நான் அவனைவிட மூன்று வயது இளையவன். ஆனாலும் என்னை அவன் சார் என்றுதான் கூப்பிடுவான், மரியாதைக்காக அல்ல.

நாங்கள் பேசியது நூற்றறுபது மீட்டரில். அமெச்சூர்களுக்குக் கொடுத்ததில் இருப்பதிலேயே தாழ்ந்த அலை. உயர்ந்த அலைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போகும், ஆனால் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகாது. தலைக்கு மேலே தாண்டிவிடும். இது தரையோடு தரையாக ஊர்ந்து, மலை முகட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரும். குரலில் பேசச் செட்டுக்கு வலு இல்லை. மோர்ஸ்தான், புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்தி மொழி. விளக்கு வைக்கும் நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீயைத் தட்டுவோம். அவன் கடைக்கு வந்த கிராக்கிகளைப் பற்றிச் சொல்வான். நான் முறைகளைப் பற்றிச் சொல்வேன்.

குறிப்பாக ஒரு முறை. ஒருவன் தட்டி முடித்ததும் கடைசியில் ‘கே’ என்ற எழுத்தை அனுப்ப வேண்டும். ‘நான் முடித்துவிட்டேன், இப்போது நீ பேசு’ என்று அதற்குப் பொருள். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அவன் அனுப்பவே மாட்டான். பேச்சு முடிந்தால் நிறுத்திவிடுவான். நேரில் பார்த்தபோது அதைச் சொன்னேன்.

“பேசி முடிச்சா வாய மூடிக்கிறோம். அதுக்கு ஒரு எழுத்து வேணுமா சார்?”

“முடிச்சிட்டியா, இல்ல செட்டு நின்னுபோச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“என் செட்டு நிக்காது சார். நீங்க கட்டினதுதான் நிக்கும்.”

அது உண்மையாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் பக்கத்துக் கேயை மட்டும் அழுத்தமாக அனுப்பிவைத்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது என்பதை யாராவது ஒருவர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்தச் சத்தம் வந்தது. தகரத்தில் அரத்தை விடாமல் தேய்ப்பதுபோல் ‘டர்ர்ர்’ என்று ஒரு இரைச்சல். நாங்கள் பேசும் இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. பகலில் மெல்லியதாக இருக்கும். பொழுது சாயச் சாயத் தடிக்கும். நடுநடுவே கொஞ்சம் தணியும், மறுபடி எழும். அந்தத் தணிவில் அவனுடைய புள்ளியும் கோடும் துண்டுதுண்டாக வரும்.

முதலில் எங்கள் தொழிற்சாலை மோட்டாரைத்தான் சந்தேகித்தேன். தோலை உருட்டும் பெரிய மரப் பீப்பாய்களைச் சுற்றும் மோட்டார் அது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. பீப்பாய் எல்லாம் நின்றிருந்தது. சத்தம் நிற்கவில்லை. அடுத்து குடியாத்தத்து விசைத்தறிகளைச் சந்தேகித்தேன். எங்க ஊர்த் தறிச் சத்தத்தில்தான் நான் தூங்கி வளர்ந்தேன், இது தறி இல்லை என்று நண்பன் அடித்துச் சொன்னான். பிறகு நான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். உரிய அதிகாரிக்கு, உரிய படிவத்தில், உரிய வழியாக எழுதினேன்.

பதில் வந்தது. அது கரையோரத்தில் இயங்கும் ஒரு வழிகாட்டும் நிலையத்தின் துடிப்பு. நடுக்கடலில் கப்பலும் விமானமும் தாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட்டுக்கொள்வது அதை வைத்துத்தான். இந்த அலையில் முதல் உரிமை அந்தச் சேவைக்கே. அமெச்சூர் நிலையங்கள் அதற்கு இடையூறு செய்யக் கூடாது. அதனால் வரும் இடையூறிலிருந்து பாதுகாப்புக் கோரவும் முடியாது. இதில் ஒரு சொல் தவறில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன், நன்றியை மட்டும் இன்னொரு வரி கூட்டியிருப்பேன்.

நண்பனிடம் படித்துக் காட்டினேன்.

“கப்பலுக்கு வழி சொல்றான். சரி. நமக்கு இன்னா சொல்றான்?”

“வழிய விடச் சொல்றான்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் பகலெல்லாம் காகிதம் எழுதி அனுப்பும் தோல்கட்டுகள் அந்தக் கப்பல்களில்தான் போயின. அவை பாறையில் மோதாமல் போய்ச் சேர்ந்தால்தான் எனக்குச் சம்பளம். அந்த இரைச்சலைத் திட்டக்கூட எனக்கு முழு உரிமை இல்லை.

அந்த நிலையில்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் லாங் பஜாரில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான், என் நண்பனின் கடைக்கு நாலு கடை தள்ளி. கல்யாணம் ஆகாதவன். கடை மாடியிலேயே தங்கியிருந்தான். கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அம்மாவும் நானும் போனோம். தொற்றும் காய்ச்சல் என்பதால் கூட யாரும் தங்கக் கூடாது, மாலையில் சிறிது நேரம் பார்க்கலாம் என்றார்கள். அம்மா வராந்தாவிலேயே இருந்துகொள்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான்தான் அழைத்து வந்தேன். எனக்கு மேஜையில் கப்பல் காத்திருந்தது.

தினமும் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அண்ணனைப் பார்த்து வருவதாக நண்பன் சொன்னான். பார்த்ததை எங்களுக்கு எப்படிச் சொல்வது? ட்ரங்க் கால் போடலாம்; போட்டுக் கிடைப்பதற்குள் பொழுது விடியும், தொழிற்சாலை டெலிபோன் இருந்த அறையை முதலாளி பூட்டிக்கொண்டு போய்விடுவார். தந்தி கொடுக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவு. தந்திக்காரன் தெருவில் திரும்பினாலே பெண்கள் வாசலில் உட்கார்ந்து அழத் தொடங்குவார்கள். பிரித்துப் படிப்பது அப்புறம்தான். காய்ச்சல் குறைந்தது என்று தந்தி வந்தாலும், அதை நான் படித்துச் சொல்வதற்குள் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும். அம்மாவே சொன்னாள், எது வந்தாலும் தந்தி மட்டும் வரக்கூடாது என்று. எதற்காகவும் தந்தி கொடுப்பதில்லை என்று நண்பனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

மிஞ்சியது நூற்றறுபது மீட்டர். அந்த இரைச்சலில் வாக்கியம் எதுவும் வராது. முதல் நாள் அவன் அனுப்பிய சேதியில் எனக்குக் கிடைத்தது ‘கஞ்சி’ என்ற சொல் ஒன்றுதான். குடித்தானா, குடிக்கவில்லையா என்று தெரியாமல் அம்மா தவித்துப்போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நண்பனே ஒரு வழி சொன்னான்.

“ஒரே எழுத்து. ஜுரம் கம்மின்னா கே. ஜாஸ்தின்னா ஜே. திரும்பத் திரும்பத் தட்றேன். ஒண்ணாவது வராமலா போய்டும்?”

மறைமொழியில் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. கம்மியும் ஜாஸ்தியும் ஊரே பேசும் சொற்கள், சுருக்கி எழுதினால் மறைமொழி ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கே என்ற எழுத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அவன்தான் அதை அனுப்புகிறவன் இல்லையே. உலகத்தில் அந்த எழுத்தைக் கம்மிக்குக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

முறை நன்றாகவே நடந்தது. பொழுது சாய்ந்ததும் அம்மா மாடிக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஹெட்போன் என் காதில் இருந்தாலும் இரைச்சல் வெளியே கேட்கும்.

“அதானாடா அவன் ஜுரம்?” என்று ஒரு நாள் கேட்டாள்.

அது கப்பலுக்கு வழி சொல்லும் சத்தம் என்றேன். இங்கே ஏது கப்பல் என்றாள். ஜே வந்த நாட்களில் நான் ஹெட்போனைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துகொண்டு இறங்கிப் போய்விடுவாள். கே வந்தால் “கம்மி” என்பேன். “கம்மியா?” என்று ஒரு தடவை திருப்பிக் கேட்பாள். அன்று சாப்பிடுவாள். நான் பதிலுக்கு ‘ஆர்’ என்று அனுப்புவேன். வந்து சேர்ந்தது என்று பொருள். அதற்குப் பின் முறைப்படி என் கே. அந்த ஆரைக் கேட்டால்தான் அவன் செட்டை அணைப்பான்.

மூன்றாவது வாரத்தில் கே தொடர்ந்து வந்தது. காய்ச்சல் இறங்குமுகம் என்று டாக்டரும் சொன்னதாக, ஒருநாள் காலையில் கடைப் பையனிடம் சொல்லியனுப்பியிருந்தான் நண்பன். அதே சமயத்தில் ஒரு பெரிய சரக்கு கப்பலேற வேண்டியிருந்தது. அடுத்த புதன்கிழமைக்குள் காகிதங்கள் சென்னை போக வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் வேலை இருந்ததால் நான் வேலூர் போகவில்லை. அம்மாவைத் தனியாக அனுப்பலாமா என்று யோசித்து, அடுத்த வெள்ளி சேர்ந்தே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். அதற்குள் அண்ணன் உட்கார்ந்து பேசுவான் என்று அம்மா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மாலை இரைச்சல் அதுவரை இல்லாத அளவுக்குத் தடித்திருந்தது. காதுக்குள் அரத்தைப் போட்டு அறுத்தது. அவன் கூப்பிடுகிறான் என்பது தெரிந்தது. சத்தத்துக்கு அடியில் ஏதோ அசைந்தது. திருகிப் பார்த்தேன், கம்பியை இழுத்துப் பார்த்தேன். அப்போது இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. கோடு, புள்ளி, கோடு. மெதுவாக, அழுத்தமாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துப் பழகுவதுபோல். கே. பிறகு மூடிக்கொண்டது. திரும்பத் தணிந்தபோது மறுபடி கே. மூன்றாம் தடவையும் கே.

“கம்மி” என்றேன்.

“கம்மியா?”

“மூணு வாட்டி வந்துச்சும்மா.”

ஆர் என்று அனுப்பினேன். பல தடவை அனுப்பினேன், அந்தச் சத்தத்தில் அவனுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று. அம்மா கீழே போய் ரசம் வைத்தாள். ஜோலார்பேட்டையிலிருந்து காட்பாடி போகும் பாசஞ்சர், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊரைக் கடந்து போனது. அதன் ஊதல் கேட்டது நினைவிருக்கிறது. தினமும் கேட்கிற ஊதல்தான்.

மறுநாள் காலை நான் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நண்பன் வாசலில் நின்றான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தான். தந்தி கொடுக்காமல் தானே வந்திருந்தான். அம்மா அவனைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால்.

என்னைத் தெருவுக்கு அழைத்துப் போய் அவன் கேட்டது ஒன்றுதான்.

“ஏன் சார் வரல?”

திங்கட்கிழமை ராத்திரி, இவன் பார்த்துவிட்டுப் போன பிறகு, வயிற்றில் ஏதோ ஆகி அண்ணனுக்கு மோசமாகியிருந்தது. செவ்வாய் மாலை இவன் போனபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது. அம்மா வருவாங்களா என்று கேட்டிருக்கிறான். இவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு சத்துவாச்சாரி வந்து ஜே அடித்தான். ஜே, ஜே, ஜே. பாசஞ்சரைப் பிடித்தால் வந்துவிடலாம். பதில் வேண்டும், உடனே வேண்டும். அதனால், நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த முறைப்படி, வாழ்க்கையில் முதல் தடவையாக, கடைசியில் ஒரு கே சேர்த்தான்; அத்தனை ஜேக்குப் பின்னால் வரும் கே கம்மி ஆகாது என்று நினைத்தான். இப்போது நீ பேசு. அதை மட்டும் எனக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று மெதுவாக, அழுத்தமாக அடித்தான். பதில் வராததால் மறுபடி முழுதும் அடித்தான். மறுபடியும்.

அவன் பக்கத்திலும் அதே இரைச்சல். அதன் நடுவே என் ஆர் அவனுக்குக் கேட்டது. வந்து சேர்ந்தது. அதற்கு மேல் நான் அனுப்பியது கேட்கவில்லை. போதும் என்று செட்டை அணைத்துவிட்டுக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய் நின்றான். பாசஞ்சர் வந்தது. எல்லோரும் இறங்கிப் போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். விடிவதற்கு முன் முடிந்துவிட்டது.

நான் பல வருஷம் இதை ஒரு கோப்பைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டும் நிலையம் தன் உரிமைக்குள் இருந்தது. நண்பன் முறைப்படி அனுப்பினான். நான் முறைப்படி ஏற்றேன். அதிகாரியின் பதில் பிழையற்றது. மேல்முறையீடு செய்ய எங்கேயும் ஒரு ஓட்டை இல்லை. நான் கையாண்ட காகிதங்களில் இவ்வளவு சுத்தமான கோப்பு வேறு எதுவும் கிடையாது.

புதன்கிழமை காகிதங்கள் சென்னைக்குப் போய்விட்டன. யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. நான் செவ்வாய்க்கிழமையே எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கட்டி வைத்திருந்தேன். எடுத்துப் போக யாராவது ஒருவர் போதும். சரக்கு நேரத்துக்குக் கப்பலேறியது.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை மூடியிருந்ததால் தந்திக்காரர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தெருவில் அவர் திரும்பியதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் அரற்றிக்கொண்டே ஓடிவந்தார். அம்மா எழுந்து போய்க் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மளிகைக் கடைப் பொட்டலத்தை வாங்குவதுபோல் வாங்கினாள். அந்தக் காகிதத்தால் அவளை இனி ஒன்றும் செய்ய முடியாது.

“இன்னா போட்டிருக்கு?” என்று என்னிடம் கொடுத்தாள்.

கப்பல் துறைமுகம் சேர்ந்துவிட்டது என்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. “சரக்கு நல்லபடியா போய்ச் சேந்துடுச்சாம்” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு டப்பாவுல கம்மின்னு வந்துச்சே. அது இன்னாடா?”

அதுவரை அவள் கேட்டதில்லை. நான் தரையில் உட்கார்ந்து விளக்கினேன். அது கம்மி இல்லை. அந்த எழுத்துக்கு இன்னொரு பொருள் உண்டு. நான் முடித்துவிட்டேன், இப்போது நீ பேசு என்று பொருள். எங்கே பார்த்தாலும் அதுதான் முறை. அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அம்மா நான் சொன்னதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தாள்.

“அப்ப உன்னப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கான்.”

“ஆமாம்மா.”

“நீ இன்னா சொன்ன?”

“வந்து சேந்துச்சுன்னு சொன்னேன்.”

அம்மா தந்தியை என் கையிலிருந்து வாங்கி, ஆபீஸ் காகிதம் தொலைந்துவிடக் கூடாது என்று மடித்து, என் சட்டைப் பையில் வைத்தாள்.